எட்வர்ட்ஸ் ஸ்டேடியத்துக்குப் பக்கத்துத் தெருவில் குடியிருந்தபோது

பெர்க்லியில் யாரிடமாவது ஸ்டேடியத்துக்கு வழி கேட்டால் கிழக்கே மலைப்பக்கம் கையைக் காட்டுவார்கள். அங்கே இருப்பது மெமோரியல் ஸ்டேடியம். அமெரிக்கன் ஃபுட்பால் நடக்கிற சனிக்கிழமைகளில் ஊரே அந்தப் பக்கம் சாயும். நான் எழுத வந்தது வேறொன்றைப் பற்றி. அதே கலிஃபோர்னியா பல்கலைக்கழக வளாகத்தின் தென்மேற்கு மூலையில், பேங்க்ராஃப்ட் வேயும் ஃபுல்டன் தெருவும் சந்திக்கிற இடத்தில், நீளமான பழைய கான்கிரீட் சுவருக்குப் பின்னால் எட்வர்ட்ஸ் ஸ்டேடியம் இருக்கிறது. சுற்றிலும் ஓட்டத் தடம், நடுவில் கால்பந்து மைதானம், இரண்டு பக்கமும் கேலரி. எதிரே மாணவர்களுக்கான டாங் மருத்துவ மையம். பலர் அந்தச் சுவரை ஒட்டித் தினமும் பஸ் பிடிக்கப் போவார்கள், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒருநாளும் எட்டிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

என் கணவருக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் போஸ்ட் டாக் (முனைவர் பட்டத்துக்குப் பிந்தைய ஆய்வு) வேலை கிடைத்தபோது நாங்கள் டூரன்ட் அவென்யூவில், ஸ்டேடியத்திலிருந்து ஒரு தெரு தெற்கே, ஒரு சின்ன அடுக்குமாடி வீட்டில் குடியேறினோம். எனக்கு அப்போது வேலை பார்க்க அனுமதி வரவில்லை. புது ஊர், தெரிந்த முகம் இல்லை, பகல் முழுக்க என் கையில். அந்தக் காலத்தில் என்னை ஊரோடு சேர்த்துவிட்டது இந்த ஸ்டேடியம்தான். பெர்க்லிக்கு வருகிற தமிழ்க் குடும்பங்கள், அதிலும் கணவனுக்கோ மனைவிக்கோ படிப்பு என்று கூட வருகிறவர்கள், எங்கே போவது, யாரோடு பேசுவது, எப்படி வீடு பார்ப்பது என்று கேட்கும்போதெல்லாம் நான் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த இடத்தின் கதை. அது தெரிந்தால் கேலரியில் உட்காருகிற விதமே மாறிவிடும்.

1932ல் திறந்தபோது சுமார் 22,000 பேர் உட்காரக் கட்டியிருக்கிறார்கள். ஓட்டம், தாண்டுதல், எறிதல் ஆகியவற்றுக்கென்றே இத்தனை பெரிய அரங்கு அன்று அமெரிக்காவில் வேறு இல்லை. ஜார்ஜ் எட்வர்ட்ஸ் என்ற கணிதப் பேராசிரியரின் பெயரை வைத்தார்கள். இந்தப் பல்கலைக்கழகத்திலிருந்து 1873ல் பட்டம் பெற்று வெளிவந்த 12 பேரில் அவர் ஒருவர். ஆயுள் முழுக்க அங்கேயே கணக்குச் சொல்லிக் கொடுத்து, மாணவர்களின் ஓட்டப் பந்தயங்களுக்கும் துணை நின்றவர். கணக்கு வாத்தியார் பெயரில் ஒரு ஸ்டேடியம் இருப்பது எனக்கு அந்த ஊர் மேல் முதல் மரியாதையைக் கொடுத்தது. கால்பந்துக்காக மைதானத்தைத் திருத்தியபோது கோல்ட்மேன் ஃபீல்டு என்ற பெயரும் பின்னால் சேர்ந்துகொண்டது.

1935 ஜூன் மாதம் அமெரிக்கக் கல்லூரிகளுக்கு இடையிலான தேசியப் போட்டி இங்கே நடந்தது. ஜெஸ்ஸி ஓவன்ஸ் 100 கெஜம், 220 கெஜம், 220 கெஜத் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல் என்று நான்கிலும் முதலாவதாக வந்தார். பெர்லின் ஒலிம்பிக்குக்கு ஒரு வருடம் முன்னால். 1940 ஏப்ரல் 13 அன்று கார்னீலியஸ் வார்மர்டாம் மூங்கில் கம்பை ஊன்றி 15 அடி உயரம் தாண்டினார். அதுவரை உலகத்தில் யாரும் அந்த உயரத்தைத் தொட்டதில்லை. இன்று ஃபைபர் கம்பு வளைந்து தூக்கிவிடுவதைப் பார்க்கிறோம். மூங்கிலில் அந்த உதவி ஏது? தோள்பட்டையும் இடுப்பும்தான் ஆளை மேலே தூக்க வேண்டும்.

1966 ஜூலையில் நடந்ததை நான் விரிவாகச் சொல்ல வேண்டும். அமெரிக்காவும் போலந்தும் மோதுவதாக இருந்த போட்டி அது. வியட்நாம் போரை எதிர்த்து போலந்து வர மறுத்தது. ஏற்பாடு செய்தவர்கள் போட்டியை விட்டுவிடாமல் சொந்த நாட்டு ஆட்களை வைத்து நடத்தினார்கள். கன்சாஸ் பல்கலைக்கழகத்து மாணவர் ஜிம் ரயன், வயது 19, ஜூலை 17 அன்று ஒரு மைலை 3 நிமிடம் 51.3 விநாடியில் ஓடி உலக சாதனையை இரண்டு விநாடிக்கும் மேலே குறைத்தார். மைல் ஓட்டத்தில் ஒரு விநாடி குறைக்கவே ஒரு தலைமுறை படாதபாடு படும். 1978 ஏப்ரல் 8 அன்று கென்யாவின் ஹென்றி ரோனோ இதே இடத்தில் 5000 மீட்டரை 13 நிமிடம் 8.4 விநாடியில் முடித்தார். அந்த வருடம் 81 நாளுக்குள் அவர் முறியடித்த நான்கு உலக சாதனைகளில் முதலாவது இது.

என் அப்பா திருநெல்வேலிப் பக்கம் ஒரு பள்ளியில் பி.டி. மாஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எங்களோடு தங்க வந்தபோது, பக்கத்துத் தெருவில்தான் ரோனோ ஓடினார் என்று சொன்னேன். சுவெட்டரைக்கூடப் போடாமல் கிளம்பிவிட்டார். அவருக்கு ரோனோ என்றால் இளவயதில் செய்தித்தாளில் படித்துப் படித்து மனப்பாடமான பெயர். பந்தயம் எதுவும் இல்லாத நாள். வேலி வழியாகத் தடத்தைப் பார்த்தபடி நின்றவர், "பன்னெண்டரை சுத்தும்மா. ஒவ்வொரு சுத்தும் அறுவத்து மூணு செகண்டு. விடாம" என்றார். பள்ளியில் பையன்களுக்குச் சொல்லியிருப்பார் போலிருக்கிறது, அப்படி ஒரு குரல்.

அப்பா இருந்த மாதங்களில்தான் பந்தயம் பார்க்கக் கற்றுக்கொண்டேன். அவர் சொல்லித் தந்ததில் சிலவற்றை எல்லோருக்கும் சொல்லலாம்.

போட்டி தொடங்குவதற்கு முன்பே போய்விடுங்கள். ஓட்டக்காரர்கள் உடம்பைச் சூடாக்குவதைப் பார்ப்பதில் பாதிப் பாடம் இருக்கிறது. யார் பதற்றமாக இருக்கிறார்கள், யாருக்குத் தொடைத்தசை பிடித்திருக்கிறது என்பதெல்லாம் அங்கேயே தெரிந்துவிடும். எறிதல் போட்டிகள் பல சமயம் காலையிலேயே ஆரம்பித்துவிடும். ஓட்டங்களுக்கு மட்டும் மத்தியானம் போனால் அவற்றைத் தவறவிடுவீர்கள். பெர்க்லியில் தவறவிடக் கூடாதது எறிதல்தான். கம்பியில் கட்டிய குண்டைச் சுழற்றி எறிகிற ஹாமர் த்ரோவில் 2023ல் உலக சாம்பியன், 2024ல் பாரீஸ் ஒலிம்பிக் தங்கம் வென்ற கனடா நாட்டு கேம்ரின் ராஜர்ஸ் இங்கே படித்தவர். வட்டு எறிதலில் 1986லிருந்து யாராலும் அசைக்க முடியாமல் இருந்த உலக சாதனையை 2024 ஏப்ரலில் ஓக்லஹோமாவில் 74.35 மீட்டர் எறிந்து முறியடித்த லிதுவேனியாவின் மிகோலாஸ் அலெக்னா அப்போது இந்தப் பல்கலைக்கழகத்து மாணவர். இத்தகையவர்கள் பயிற்சி செய்கிற ஊரில், அதைப் பார்க்க வருகிற கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் முன்வரிசைகளைக்கூட நிரப்பாத நாட்கள் உண்டு. புதிதாக வந்தவர்களுக்கு அது பெரிய வசதி. வேலிக்குப் பக்கத்திலேயே உட்காரலாம்.

எங்கே உட்காருவது என்பதில் அப்பாவுக்குப் பிடிவாதம் உண்டு. முடிவுக்கோட்டுக்கு நேரே எல்லோரும் நெருக்கியடிப்பார்கள். அவர் வளைவு முடிந்து நேர்த்தடம் தொடங்குகிற இடத்தில் உட்காருவார். "எல்லாரும் ஜெயிக்கிறவனத்தான் பாப்பாங்க. நீ நாலாவதா வாரவனப் பாரு. ஓட்டம் எங்க கெட்டுச்சுன்னு அப்பதான் தெரியும்" என்பார். அந்தப் பழக்கம் என்னோடு தங்கிவிட்டது. 400 மீட்டரில் கடைசி 80 மீட்டரில் தோள் மேலே ஏறி, முகவாய் தூக்கி, கால் தரையை விட்டு எழ மறுப்பதை அங்கிருந்துதான் பார்க்க முடியும். வென்றவரிடமும் அதெல்லாம் நடக்கிறது, கொஞ்சம் தாமதமாக. 4×100 ரிலேவில் பேட்டன் கைமாறுகிற பகுதியும் வளைவுப் பக்கம்தான் வரும்.

இன்னொரு கணக்கு சூரியன். மாலை ஆட்டத்துக்கு ஃபுல்டன் தெருப் பக்கமாக, அதாவது மேற்கே உட்கார்ந்தால் வெயில் முதுகில் விழும், எதிரே மலையும் பல்கலைக்கழக மணிக்கூண்டும் தெரியும். கிழக்கே உட்கார்ந்தால் கண்ணைத் திறக்க முடியாது. கான்கிரீட் படி சில்லென்று இருக்கும். ஒரு மெத்தைத் துண்டு கொண்டு போங்கள். ஜூலை மாதக் கோடை என்று நம்பி அரைக்கைச் சட்டையில் வராதீர்கள். சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடா கடலோடு சேருகிற கோல்டன் கேட் வாய்க்கு நேரெதிரே இருக்கிற ஊர் இது. கோடையில் காலைப் பனிமூட்டம் விலகவே நேரமாகும், பிற்பகலில் கடல் காற்று எலும்பைத் தொடும். இங்கே நிஜமான வெயில் செப்டம்பர், அக்டோபரில்தான். கால்பந்து நடப்பதும் அப்போதுதான்.

கால்பந்து ஆகஸ்டில் தொடங்கி நவம்பர் வரை போகும், தடகளம் மார்ச்சிலிருந்து மே வரை. இந்த இரண்டையும் நாட்காட்டியில் குறித்துக்கொண்டால் வருடத்தில் பாதிக்கு மேல் பொழுதுக்குப் பஞ்சமில்லை. பெண்கள் கால்பந்தைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். 2015லும் 2019லும் உலகக் கோப்பை வென்ற அமெரிக்க அணியில் இருந்த அலெக்ஸ் மோர்கன் 2007 முதல் 2010 வரை இந்தக் கல்லூரி அணிக்கு ஆடியவர். நம்மூரில் பார்த்துப் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் புரியாது: கல்லூரிக் கால்பந்தில் வெளியே போன ஆட்டக்காரர் திரும்ப உள்ளே வர அனுமதி உண்டு. அப்பா இதை ஒத்துக்கொள்ளவே இல்லை. "அப்ப மூச்சு வாங்கிட்டு வந்து ஆடுவாங்களா?" என்று கோபப்பட்டார். ஆனால் அதனால்தான் கடைசி நிமிடம் வரை ஆட்டத்தின் வேகம் குறைவதில்லை என்பதையும் அவரே கவனித்துச் சொன்னார். 2024ல் பல்கலைக்கழகம் அட்லாண்டிக் கரைக் கல்லூரிகளின் கூட்டமைப்புக்கு மாறிவிட்டது. அதனால் வட கரோலினா, வர்ஜீனியா பக்கத்து அணிகள் நாட்டின் இந்தக் கோடிக்கு வந்து ஆடுகின்றன. பெண்கள் கால்பந்தில் அவை பலம் வாய்ந்தவை, நேரம் ஒதுக்கிப் பார்க்கலாம். டிக்கெட், பை கொண்டுபோவது பற்றிய விதிகள் எல்லாம் பல்கலைக்கழக விளையாட்டுத் துறையின் அட்டவணையிலேயே இருக்கும். அமெரிக்கன் ஃபுட்பாலோடு ஒப்பிட்டால் இங்கே ஆகிற செலவு ஒரு செலவே இல்லை.

பேச்சுத் துணை கேட்டவர்களுக்கு: கேலரியில் தனியாக உட்கார்ந்திருக்கிற வயதானவர்களிடம் பேச்சுக் கொடுங்கள். கையில் ஸ்டாப் வாட்ச், மடியில் நோட்டு என்று வருகிறவர்கள் உண்டு. அவர்களில் ஒரு பெரியவர்தான் ஆர்ச்சி வில்லியம்ஸ் பற்றி எனக்குச் சொன்னார். அதன் பிறகு நான் தேடித் தேடிப் படித்தேன்.

ஆர்ச்சி வில்லியம்ஸ் பக்கத்து ஊரான ஓக்லண்டில் வளர்ந்த கறுப்பின இளைஞர். பொறியியல் படிக்க பெர்க்லிக்கு வந்தார். பயிற்சியாளர் புரூட்டஸ் ஹாமில்டன், 1920 ஒலிம்பிக்கில் டெக்கத்லான் என்கிற பத்து விளையாட்டுப் போட்டியில் வெள்ளி வென்றவர். அவரிடம் இந்தத் தடத்தில் பழகி, 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தங்கத்தோடு திரும்பினார். பட்டமும் வாங்கினார். ஆனால் கறுப்பினத்தவருக்குப் பொறியாளர் வேலை தர அன்று ஆளில்லை. விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு, இரண்டாம் உலகப் போரின்போது டஸ்கீகியில் கறுப்பின விமானிகளுக்குப் பயிற்சி தந்தார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவுக்கு அந்தப் பக்கம் மரின் மாவட்டத்தில் ஒரு உயர்நிலைப் பள்ளியில் கணக்கு வாத்தியாராக ரொம்ப காலம் இருந்தார். 2021ல் அந்தப் பள்ளிக்கே அவர் பெயரை வைத்தார்கள்.

இவரைப் பற்றி இவ்வளவு சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அன்று பெர்க்லியில் கறுப்பின மக்களுக்கும் ஜப்பானியர்களுக்கும் குரோவ் தெருவுக்குக் கிழக்கே வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. இன்று அந்தத் தெருவுக்கு மார்ட்டின் லூதர் கிங் பெயர்; ஸ்டேடியத்திலிருந்து மேற்கே நடந்து போகிற தூரம்தான். தடத்தில் எல்லோரோடும் ஓடலாம், தெருவில் எல்லோரோடும் குடியிருக்க முடியாது. 1930ல் சர்வதேச மாணவர் விடுதியைக் கட்டியபோது வெவ்வேறு இனத்தவர் ஒரே கூரையின்கீழ் தங்குவதா என்று அக்கம்பக்கத்து வீட்டுக்காரர்கள் எதிர்த்தார்கள். நம்மவர்களும் இதில் அடிபட்டிருக்கிறார்கள். 1915ல் கணவனோடும் மூன்று மகன்களோடும் கப்பலில் வந்த காலா பாகாய் என்ற பெண்ணின் குடும்பம் பெர்க்லியில் வீடு வாங்கிச் சாமான்களோடு வந்து இறங்கியபோது, அக்கம்பக்கத்தார் வீட்டைப் பூட்டி உள்ளே விடவில்லை. இப்போது டவுன்டவுனில் ஷாட்டக் அவென்யூவின் ஒரு பகுதிக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். ஸ்டேடியத்துக்குப் போகும் வழியில் காலா பாகாய் வே என்ற பலகையைப் பார்த்தால் ஒரு நிமிடம் நில்லுங்கள். வீட்டு வாடகையிலும் விற்பனையிலும் இனம் பார்க்கக் கூடாது என்று 1963ல் கலிஃபோர்னியாவில் வந்த சட்டத்தைக் கொண்டுவந்தவர் பைரன் ரம்ஃபோர்டு. பெர்க்லியில் மருந்துக்கடை வைத்திருந்த சட்டமன்ற உறுப்பினர்.

ஆக, இந்த வட்டாரத்தில் வாடகைக்காரருக்கு இருக்கிற உரிமைகள் யாரோ போராடி வாங்கியவை. அவற்றைத் தெரிந்துகொண்டு வருவது நமக்கு நல்லது. பெர்க்லியில் 1980லிருந்து வாடகைக் கட்டுப்பாடு இருக்கிறது. அதற்கு முன் கட்டிய அடுக்குமாடிகளில் பெரும்பாலானவை அதற்குள் வரும். வாடகை வாரியம் என்று நகராட்சியில் தனி அலுவலகமே உண்டு, கேட்டால் பொறுமையாக விளக்குவார்கள். 2024 ஜூலையிலிருந்து கலிஃபோர்னியாவில் பெரும்பாலான வீட்டுக்காரர்கள் ஒரு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. அந்தப் பணத்துக்கு வருடாவருடம் வட்டி தர வேண்டும் என்பது பெர்க்லி நகரத்தின் விதி. வீட்டைக் காலி செய்தால் 21 நாளுக்குள் கணக்கு முடித்துத் தர வேண்டும்.

இது எங்களுக்குக் கைகொடுத்தது. நாங்கள் காலி செய்தபோது வீட்டுக்காரர் தரப்பில் கார்ப்பெட் மாற்றும் செலவு என்று முன்பணத்தில் பெரும் பகுதியைப் பிடித்துக்கொண்டார்கள். குடிவந்த அன்றே மூலை முடுக்கெல்லாம் படம் எடுத்து, தேதியோடு அவர்களுக்கே மின்னஞ்சலில் அனுப்பி வைத்திருந்தேன். கறை அன்றைக்கே இருந்தது படத்தில் தெளிவாகத் தெரிந்தது. வாடகை வாரியத்தில் போய்க் கேட்டு, அவர்கள் சொன்னபடி ஒரு கடிதம் எழுதினோம். பணம் வந்துவிட்டது. சண்டை போட வேண்டியிருக்கவில்லை. படமும் கடிதமும் போதும்.

வீடு பார்க்கும்போது கேட்க வேண்டிய வேறு சில விஷயங்கள். கட்டடத்தின் தரைத்தளம் முழுக்கக் கார் நிறுத்துமிடமாகத் தூண்களின்மேல் நிற்கிறதா என்று பாருங்கள். நில அதிர்வுக்கு அப்படிப்பட்ட கட்டடங்கள்தான் முதலில் சரியும். பலப்படுத்தியிருக்கிறார்களா என்று கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். ஹேவர்டு நிலப்பிளவு இங்கிருந்து கூப்பிடு தூரத்தில், மெமோரியல் ஸ்டேடியத்துக்கு அடியிலேயே ஓடுகிறது. 1868ல் அது பெரிதாக அசைந்தது. குடிதண்ணீர், டார்ச், காலணி மூன்றும் எங்கள் கட்டிலுக்கு அடியில் எப்போதும் இருக்கும்.

சத்தத்தைப் பற்றிச் சிலர் பயப்படுவார்கள். ஓட்டப் பந்தய நாளில் ஒலிபெருக்கியும் துப்பாக்கிச் சத்தமும் கேட்கும், வசந்தத்தில் பக்கத்து எவன்ஸ் மைதானத்திலிருந்து பேஸ்பால் மட்டையின் உலோகச் சத்தம் வரும். எங்களுக்குத் தொந்தரவாக இருந்ததில்லை. டூரன்ட், சானிங் தெருக்கள் பக்கம் வெள்ளிக்கிழமை இரவு மாணவர்கள் போடுகிற சத்தம்தான் தூக்கத்தைக் கெடுக்கும். வீட்டை வார நாள் பகலில் பார்த்துவிட்டு முடிவு செய்யாமல், வெள்ளி இரவு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். பின்பக்கம் பார்த்த படுக்கையறை கிடைத்தால் நல்லது.

காரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்: முடிந்தால் வேண்டாம். தெருவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் நிறுத்த அனுமதிச் சீட்டு வேண்டும், சில புதுக் கட்டடங்களில் குடியிருப்பவர்களுக்கு அது கிடைக்காது. மெமோரியல் ஸ்டேடியத்தில் ஆட்டம் என்றால் 50,000 பேர் உட்காரக்கூடிய இடத்துக்கு வருகிறவர்கள் எல்லோரும் இந்தத் தெருக்கள் வழியாகத்தான் வருவார்கள், அன்று அபராதமும் கூடுதல். காருக்குள் ஒரு துணிப்பையைக்கூட விட்டுவிட்டுப் போகாதீர்கள். சைக்கிளுக்கு இரும்பு யூ பூட்டு வாங்குங்கள். கம்பிப் பூட்டு இந்த ஊரில் உதவாது. பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் இரவில் திரும்பும்போது பேர்வாக் என்று கூட நடந்து வந்து விடுகிற சேவை இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்.

டவுன்டவுன் பார்ட் ரயில் நிலையம் ஸ்டேடியத்திலிருந்து ஏழெட்டு நிமிட நடை. அந்த ரயில் பெர்க்லிக்குள் தரைக்கு அடியில் போவதற்கு ஊர்க்காரர்கள்தான் காரணம். மேம்பாலமாகப் போனால் ஊர் இரண்டாகப் பிளந்துவிடும் என்று 1966ல் வாக்களித்து, கூடுதல் செலவைத் தாங்களே வரியாகக் கட்டினார்கள். சுரங்கத்தின் மேலே கிடைத்த நிலத்தில் இன்று ஓலோனி பூங்கா இருக்கிறது. காலை நடைக்கு நான் அங்கேதான் போவேன். ஸ்டேடியத் தடத்தில் நடக்க விரும்புகிறவர்கள் வாசலில் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். அணிகளின் பயிற்சி நேரத்தில் நாம் உள்ளே நிற்பது அவர்களுக்கு இடைஞ்சல், நமக்கும் ஆபத்து.

காட்டுத்தீப் புகை வருகிற நாட்களில் எங்கும் போகாதீர்கள். 2020 செப்டம்பர் 9 அன்று இந்த வளைகுடா முழுக்கப் பகலிலேயே வானம் ஆரஞ்சு நிறமானது. காற்றுத் தரக் குறியீடு 150ஐத் தாண்டினால் வெளியே ஓடுவதில்லை என்பது எங்கள் வீட்டு விதி, குழந்தைகளுக்கு அதற்கும் கீழேயே நிறுத்திவிடுவோம்.

தமிழ் ஆட்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு சந்தோஷமான செய்தி. ஸ்டேடியத்திலிருந்து வளாகத்துக்குள் பத்து நிமிடம் நடந்தால் டுவினெல் ஹால். தெற்காசிய மொழிகள் கற்பிக்கிற துறை அங்கே இருக்கிறது. ஜார்ஜ் ஹார்ட் 1975லிருந்து பல வருடங்கள் தமிழ் கற்பித்த பல்கலைக்கழகம் இது. தமிழ் செம்மொழிதான் என்று 2000ல் அவர் எழுதிய கடிதத்தைத் தமிழ்நாட்டில் பலர் படித்திருப்பார்கள். அமெரிக்கத் தமிழர்கள் நிதி திரட்டி அமைத்த தமிழ் இருக்கையும் இங்கே உண்டு. பொதுச் சொற்பொழிவுகள் நடக்கும், தயங்காமல் போங்கள். மளிகைக்கு யூனிவர்சிட்டி அவென்யூவில் மேற்கே போனால் இந்தியக் கடைகள் வரிசையாக இருக்கும். காய்கறிக்கு சனிக்கிழமை சென்டர் தெருவில் விவசாயிகள் சந்தை. விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் அந்தத் தக்காளியில் ரசம் வைத்துப் பாருங்கள்.

கடைசியாக, எந்தப் போட்டிக்கு முதலில் போவது என்று கேட்டால், ஸ்டான்ஃபோர்டோடு வருடாவருடம் நடக்கிற பிக் மீட்டுக்குப் போங்கள். 1890களிலிருந்து நடந்துவருகிற போட்டி. ஒரு வருடம் அங்கே, ஒரு வருடம் இங்கே என்று மாறிவரும், அதனால் இடத்தைப் பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். இரண்டே கல்லூரிகள் என்பதால் ஒவ்வொரு பந்தயத்திலும் மூன்றாவதாக வருகிறவரின் புள்ளிகூடக் கணக்கில் முக்கியம். என் அப்பா பார்க்கச் சொன்ன அந்தப் பின்வரிசைக்காரர்கள் உயிரைக் கொடுத்து ஓடுவார்கள். வெயில் சாய்ந்து குளிர ஆரம்பித்ததும் பலர் எழுந்து போய்விடுவார்கள். நீங்கள் போகாதீர்கள், கடைசி நிகழ்வு எப்போதும் 4×400 ரிலே. புள்ளிகள் நெருக்கமாக இருந்தால் மொத்தப் போட்டியும் அதில்தான் முடிவாகும். அதை முழுக்கப் பார்த்துவிட்டு, ஷாட்டக் பக்கம் நடந்து சூடாக எதையாவது சாப்பிட்டுவிட்டு வந்தாலும் ரயில் இருக்கும்.